நம்ம சுவர், நம்ம கை

(கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், சங்கரன்கோவிலில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்காங்க. சாப்பாட்டுக்குப் பிறகு வரப்போகிற தீர்மானத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. விஷயம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மெயின் ரோட்டைப் பார்த்து நிற்கிற ஒரு கட்டடத்தின் பக்கச் சுவரில் படம் வரைய நம்ம கூட்டமைப்புக்கு இடம் தருவதாகச் சொல்லியிருக்காங்க. 30 அடி அகலம், 20 அடி உயரம். ஆடித்தபசுக்கு வருகிற அத்தனை சனமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போகணும்.

நம்ம முன்னாலே இரண்டு வழி இருக்கு. ஒண்ணு, மொத்த வேலையையும் காண்டிராக்டிடம் விட்டுவிடுவது. அவங்க வழக்கமாகப் போடுகிற ஒரு மரம், ஒரு பூமி உருண்டை, இரண்டு குப்பைத் தொட்டி, நாலு வாசகம் எல்லாம் போட்டுவிட்டுப் போவாங்க. நாம திறப்பு விழாவுக்குப் போய்க் கைதட்டிவிட்டு வருவோம். இன்னொண்ணு, என்ன வரையணும்னு நாமே முடிவு பண்ணி, தெரிந்த ஓவியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, நம்ம கையாலேயே வரைவது. நான் இந்த இரண்டாவது வழிக்காகப் பேச வந்திருக்கேன்.

போன மாதம் குழுக் கூட்டங்களில் இதைச் சொன்னப்ப, ஒரு மதினி கேட்டாங்க: "படம் சோறு போடுமா? வட்டிக்கு வாங்கினவ வாசல்ல நிக்கா. நீங்க சுவத்துல பூ வரையப் போறேங்கீங்க." கேள்வி நியாயமானது. அதுக்குப் பதில் சொல்லாமல் இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றக் கூடாது. அதனால் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குறேன்.

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலை ஓரம், துரைப்பாக்கத்தை ஒட்டி, கண்ணகி நகர்னு ஓர் இடம். 2000-ஆம் ஆண்டை ஒட்டி அரசு உருவாக்கின மறுகுடியமர்வுப் பகுதி. ஆற்றங்கரையிலும் நகரத்தின் மற்ற இடங்களிலும் குடிசை போட்டு வாழ்ந்தவங்களைக் கொண்டுவந்து குடிவைத்தாங்க. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். வேலை நகரத்துக்குள்ளே இருந்தது, வீடு ரொம்பத் தூரத்துக்கு வந்துட்டது. வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பலருக்குப் பஸ் காசு கட்டுப்படியாகாமல் வேலையே போனது. அதுக்கு மேலே ஒரு கஷ்டம், அந்த முகவரி. ஊர்ப் பெயருக்கே ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கிடுச்சு. வேலைக்கு மனுப் போடுகிற பிள்ளைகள், கண்ணகி நகர்னு எழுதத் தயங்கி வேற முகவரி எழுதுகிற நிலைமை.

2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில், ஸ்டார்ட் இந்தியா என்கிற அறக்கட்டளையும் பெருநகர சென்னை மாநகராட்சியும் சேர்ந்து அங்கே உள்ள மாடிக் குடியிருப்புகளின் பக்கச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைய ஏற்பாடு செய்தாங்க. வெளிநாட்டு ஓவியர்களும் வந்தாங்க, நம்ம ஊர் ஓவியர்களும் வந்தாங்க. ஏ-கில் என்கிற பெயரில் வரையும் சென்னை ஓவியர், அங்கே வாழும் பிள்ளைகளின் முகத்தையே சுவர் உயரத்துக்கு வரைந்தார். சினிமா நடிகர் முகமும் கட்சித் தலைவர் முகமும்தான் அவ்வளவு பெரிசாக வரும்னு நாம நினைத்துக்கொண்டிருக்கிறோம். அங்கே பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்த அளவுக்குச் சிரிக்குது.

சென்னைக்குப் பயிற்சிக்குப் போனப்ப ஒரு நாள் ஒதுக்கி நான் அங்கே போய்ப் பார்த்தேன். படங்களைப் பார்க்கிறதுக்குன்னே வெளியூர் ஆட்கள் வந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாங்க. அதே சுவருக்குக் கீழே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. இரண்டையும் நான் உங்களுக்குச் சொல்லணும். படம் தண்ணீர் கொண்டுவரவில்லை. பஸ் கட்டணத்தைக் குறைக்கவில்லை. ஆனால் செய்தியில் குற்றத்துக்காக மட்டும் அடிபட்ட ஒரு பெயர், அதுக்குப் பிறகு வேறு காரணத்துக்காகவும் அடிபட ஆரம்பிச்சது. அதே கண்ணகி நகரிலிருந்து கார்த்திகா என்கிற பொண்ணு, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியக் கபடி அணியில் ஆடித் தங்கம் வாங்கி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்தத் தங்கம் அந்தப் பிள்ளையின் உழைப்பு, படத்தால் வந்ததுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர்ப் பெயரை மறைக்காமல் சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்னு அந்த ஊர் சனத்துக்குத் தெரியும்.

ஆகவே மதினி, படம் சோறு போடாது. வட்டிக்காரரையும் விரட்டாது. அதுக்கு நம்ம சேமிப்பும் உள்கடனும் வங்கி இணைப்பும் இருக்கு. படம் செய்கிற வேலை வேற. அது என்னன்னு சொல்றேன்.

நம்ம இயக்கம் எப்படித் தொடங்கியதுன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க. 1989-இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட முதல் குழுக்கள் அமைந்தன. பிறகு மகளிர் திட்டமாக எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. அந்தக் காலத்துக் குழுவில் முதல் பாடம் என்ன? கையெழுத்துப் போடுறது. வங்கியில் கைநாட்டு வைத்த கை, தன் பெயரை எழுதிப் பழகுச்சு. நம்மில் எத்தனை பேர் கோணல்மாணலாக எழுதின முதல் கையெழுத்தைப் பிள்ளைகளிடம் காட்டியிருப்போம்! அந்தக் கையெழுத்தும் சோறு போடலை. ஆனால் கணக்கு நோட்டில் நம்ம பெயரை நாமே எழுதின பிறகுதான், வங்கியில் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாங்க.

இந்தச் சுவரும் அந்த மாதிரி ஒரு கையெழுத்துதான். இந்த ஊரில் ஆயிரக்கணக்கான விசைத்தறி ஓடுது. துணிக்குப் பெயர் இருக்கு, முதலாளிக்குப் பெயர் இருக்கு. தார் சுற்றுகிற பெண்ணுக்குப் பெயர் எங்கே இருக்கு? பீடி சுற்றுகிறவள் முகம் எந்த லேபிளில் இருக்கு? விடியுமுன்னே பூப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்புகிறோம், அந்தக் கையை ஊரில் எந்தச் சுவரில் பார்க்கிறோம்? நம்ம ஊர்ச் சுவர்களில் யார் யார் இருக்காங்கன்னு எண்ணிப் பாருங்க. தேர்தல் காலத்தில் கட்சிச் சின்னம். மற்ற நாளில் நகைக்கடை, சிமெண்ட், டுடோரியல். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் போஸ்டர், அதில் ஆம்பளைப் படம் நாற்பது இருந்தால் பொம்பளைப் படம் ஒண்ணு. 600 சதுர அடி நமக்குக் கிடைக்குது. அதையும் குப்பைத் தொட்டிப் படத்துக்குக் கொடுத்துடலாமா?

அடுத்த கேள்வி, நமக்கு வரையத் தெரியுமாங்கிறது.

நம்ம மாவட்டத்திலேயே குற்றாலத்தில் சித்திர சபை இருக்கு. நடராசருக்கு உரிய ஐந்து சபைகளில் ஒண்ணு. உள்ளே போனால் சுவரெல்லாம் ஓவியம். அம்பாசமுத்திரம் பக்கம் திருப்புடைமருதூர்க் கோவில் ராஜகோபுரத்துக்கு உள்ளே ஏறினால் நாயக்கர் காலத்து ஓவியங்கள் நிலை நிலையாக இருக்கும். சுவரில் கதை சொல்வது இந்த மண்ணுக்குப் புதிசு இல்லை. ஆனால் அவையெல்லாம் உள்சுவர்கள். வெயில் மழை படாமல் இருந்ததால் இத்தனை காலம் நிற்கின்றன. நம்ம சுவர் வெட்டவெளியில் நிற்கிற சுவர். அதுக்கு வேற பக்குவம் வேணும், அதைப் பின்னாலே சொல்றேன்.

வரையத் தெரியாதுன்னு சொல்கிற அக்காமார்களைக் கேட்கிறேன்: மார்கழியில் 21 புள்ளி, இடைப்புள்ளி 11 வரைக்கும் கோலம் போடுறது யாரு? சின்ன நோட்டில் பேனாவால் போட்டுப் பார்த்த கோலத்தை, வாசல் அளவுக்குப் பெரிசாக்குறோமே, அதுக்கு என்ன கணக்கு? புள்ளியை வைத்துத்தானே? பெரிய சுவரில் வரைகிறவங்களும் அதே கணக்கைத்தான் வைத்திருக்காங்க. தாளில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் சுவரிலும் பெரிய கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயும் இருக்கிற கோட்டை மட்டும் பார்த்து வரைவாங்க. தாளில் ஒரு அங்குலம், சுவரில் ஒரு அடி. நம்ம சுவருக்கு 30 அங்குலம் அகலம், 20 அங்குலம் உயரம் உள்ள தாள் போதும். மொத்தம் 600 கட்டம். ஒரு கட்டத்துக்குள்ளே வர்றது ஒரு வளைவு, ஒரு கோடு, அவ்வளவுதான். தறி வைத்திருக்கிற வீட்டுக்காரங்களுக்கு இது இன்னும் நல்லாப் புரியும். கரைக்குப் பூ போடணும்னா கட்டத்தாளில்தானே முதலில் போடுறாங்க?

600 கட்டத்தையும் குழுக்களுக்குப் பங்கு போடலாம். 'இந்தக் கட்டம் நான் போட்டது'ன்னு ஒவ்வொருத்தியும் பேரப்பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டலாம்.

சாரத்தில் ஏற முடியாதேன்னு ஒரு பயம் இருக்கு. முட்டி வலிக்காரங்க, கர்ப்பமாக இருக்கிறவங்க, ஆம்பளைகள் வேடிக்கை பார்க்க மேலே நிற்கக் கூச்சப்படுறவங்க, எல்லாரும் நம்மில் உண்டு. இதுக்கும் வழி இருக்கு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் 1984-இல் தொடங்கி ஆயிரக்கணக்கான சுவர் ஓவியங்கள் செய்திருக்காங்க. அவங்க கையாள்கிற ஒரு முறை, பாராசூட் துணின்னு சொல்கிற மெல்லிய துணியைத் துண்டு துண்டாக வெட்டி, தரையிலும் மேசையிலும் விரித்து அதில் வண்ணம் தீட்டி, பிறகு சுவரில் ஒட்டிச் சேர்ப்பது. முதியோர் இல்லத்தில் இருக்கிறவங்களும் சிறையில் இருக்கிறவங்களும்கூட அப்படி வரைந்திருக்காங்க. நம்ம ஊரில் அந்தத் துணி கிடைக்குதோ இல்லையோ, அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒண்ணு இருக்கு: ஏற முடியாதவளை வெளியே நிறுத்தாதே. கீழ்ப்பக்கம் 6 அடி உயரத்துக்கு உள்ள 180 கட்டங்களைத் தரையில் நின்று வரைய முடிகிறவங்களுக்கு ஒதுக்குவோம். வண்ணம் கலக்குவது, தாளில் கட்டம் போடுவது, கணக்கு எழுதுவது, இதெல்லாம் உட்கார்ந்து செய்கிற வேலை.

மேலே ஏற ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கும் ஒண்ணு சொல்றேன். 2014-இல் டெல்லியில், அப்போதைய போலீஸ் தலைமை அலுவலகக் கட்டடத்தில் சுமார் 150 அடி உயரத்துக்குக் காந்தி படம் வரைந்தாங்க. வரைந்தவங்க இரண்டு பேர். ஜெர்மனிக்காரர் ஒருத்தர், இன்னொருத்தர் அன்பு வர்க்கி என்கிற நம்ம நாட்டுப் பெண். 150 அடியில் ஒரு பெண் நின்றிருக்காங்க, நமக்கு 20 அடி. ஆனால் கயிறு, இடுப்புப் பட்டை, தலைக்கவசம் இல்லாமல் ஒருத்தியும் சாரத்தில் கால் வைக்கக் கூடாது. இதைத் தீர்மானத்திலேயே எழுதணும்.

இப்ப சுவர்ப் பக்குவம். பெயிண்ட் வேலை பார்க்கிற தம்பிகளிடம் விசாரித்ததையும் நான் பார்த்ததையும் சேர்த்துச் சொல்றேன்.

முதலில் ஓதம் இருக்கான்னு பார்க்கணும். ஓதச் சுவரில் எவ்வளவு விலையான பெயிண்ட் அடித்தாலும் அப்பளம் மாதிரி பொங்கி உரியும். பழைய சுண்ணாம்பைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கழுவி, காயவிட்டு, விரிசலை வெளிச்சுவர்ப் புட்டியால் அடைக்கணும். புதுப் பூச்சாக இருந்தால் ஒரு மாதமாவது ஆறணும். பிறகு பிரைமர். அதுக்கு மேலேதான் வெளிச்சுவர் எமல்ஷன். சுமாராக ஒரு லிட்டர், இரண்டு கோட்டு அடித்தால் 50, 60 சதுர அடிக்கு வரும். அப்படின்னா 600 சதுர அடிக்கு அடி வண்ணம் மட்டும் 10 முதல் 12 லிட்டர். படத்துக்கான வண்ணங்கள் தனி. கணக்கை நாமே போடத் தெரிந்து வைத்துக்கொண்டால் பில்லைப் பார்த்துப் பேசலாம்.

வண்ணத்திலும் யோசிக்கணும். பளபளன்னு கண்ணைப் பறிக்கிற ரோஸும் ஊதாவும் வெயிலில் சீக்கிரம் வெளுத்துப் போகும். காவி, மஞ்சட்காவி, செங்கல் நிறம் மாதிரி மண் சம்பந்தப்பட்ட நிறங்கள் ரொம்ப நாள் நிற்கும். இன்னொரு சங்கடம் நம்ம ஊருக்கே உரியது. எந்த இரண்டு நிறம் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் ஏதாவது ஒரு கட்சிக் கொடி ஆகிவிடும்! அதனால் முதல் படத்தாளைப் பல பேரிடம் காட்டி, "என்ன தோணுது?"ன்னு கேட்டுவிட்டுத்தான் சுவருக்குப் போகணும்.

காலம், தை மாசி. வடகிழக்கு மழை முடிந்து சுவர் நல்லாக் காய்ந்திருக்கும், வெயிலும் உச்சத்துக்கு வந்திருக்காது. ஆடிக்காற்றில் சாரத்தில் நிற்க முடியாது, தூசி ஈரப் பெயிண்டில் ஒட்டும். மாசியில் முடித்தால் ஆடித்தபசுக்கு ஊர் பார்க்கும்.

இனி முக்கியமான பேச்சு. என்ன வரைவது?

"சாமி படம் போட்டால் சுவரோரம் யாரும் அசிங்கம் பண்ண மாட்டாங்க"ன்னு ஒரு யோசனை வந்தது. சொன்னவங்க நல்ல எண்ணத்தில்தான் சொன்னாங்க. நானும் கோமதி அம்மனைக் கும்பிடுறவதான். ஆனால் நம்ம குழுக்களில் பள்ளிவாசலுக்குப் போகிறவங்க இருக்காங்க, சர்ச்சுக்குப் போகிறவங்க இருக்காங்க. இது கூட்டமைப்பின் சுவர். அவங்க எல்லாரும் அதில் தங்களைப் பார்க்கணும். சாமிக்கு இந்த ஊரில் ராஜகோபுரமே இருக்கு. நமக்கு இந்த ஒரு சுவர்தான்.

என் யோசனை, கீழே முழுக்கக் கைகள். தார் சுற்றும் கை, பூக் கட்டும் கை, பீடி இலை வெட்டும் கை, மாவு பிசையும் கை, நோட்டில் கையெழுத்துப் போடும் கை. அதுக்கு மேலே முகங்கள்.

முகம்னு சொன்ன உடனே இங்கே ஒரு சலசலப்பு கேட்குது. காரணம் எனக்குத் தெரியும். யார் முகம்? எந்தத் தெருக்காரி? தலைவி முகமா? அவ முகம் இருக்கு, இவ முகம் ஏன் இல்லை? படம் சுவரில் ஏறுமுன்னே குழு உடைஞ்சுடும். கைக்குச் சாதி தெரியாது, தெரு தெரியாது. அதனால் கை மட்டும் போதும், முகம் வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. நானும் சில நாள் அப்படித்தான் யோசித்தேன். ஆனால் முகத்தை மறைச்சு மறைச்சே வாழ்ந்தாச்சு. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்திலேயே தலை குனிஞ்சுதான் இருக்கோம்.

சென்னை இந்திரா நகர் ரயில் நிலையத்தில் ஒரு பெரிய சுவர் ஓவியம் இருக்கு. எச்.ஐ.வி. பற்றிய ஒதுக்குதலுக்கு எதிராக வரைந்தது. வரிசையாக முகங்கள். அதில் எச்.ஐ.வி.யோட வாழ்கிறவங்களும் இருக்காங்க, மற்றவங்களும் இருக்காங்க. யார் எவர்னு பார்க்கிறவங்களால் சொல்ல முடியாது. அதுதான் அந்தப் படம் சொல்கிற சேதி. முகத்தைக் காட்டியும் பிரிவினையைக் காட்டாமல் இருக்க முடியும்னு அதைப் பார்த்துத்தான் எனக்குப் பிடிபட்டது.

எனவே நமக்குப் பழகின வழியிலேயே முடிவு பண்ணுவோம். சீட்டில் என்ன செய்கிறோம்? குலுக்கிப் போடுறோம். குலுக்கலில் வந்த பெயரை எவளும் குறை சொன்னதில்லை. விருப்பம் உள்ளவங்க பெயர் கொடுக்கட்டும். விருப்பம் இருக்கணும், அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். வீட்டில் யாரும் தள்ளிவிட்டும் வரக் கூடாது, தடுத்தும் நிறுத்தக் கூடாது. எல்லார் முன்னாலேயும், ஒரு சின்னப் பிள்ளையை விட்டு ஐந்து சீட்டு எடுக்கச் சொல்வோம். வருகிற ஐந்து முகம் சுவரில் ஏறட்டும். தலைவியாக இருந்தாலும் சரி, போன மாதம் சேர்ந்தவளாக இருந்தாலும் சரி.

கடைசியாகக் காசு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுறேன்.

பெயிண்ட், சாரம், ஓவியர் சம்பளம் எல்லாத்துக்கும் நன்கொடையில் பணம் வருதுன்னு சொல்றாங்க. நல்லது. வரைகிற பெண்களுக்கு என்னன்னு கேட்டால், "அவங்க சேவையாச் செய்வாங்கல்லா"ன்னு பதில் வருது. சாரம் கட்டுகிறவருக்குக் கூலி உண்டு, சுவர் சுரண்டுகிறவருக்குக் கூலி உண்டு, பொம்பளை கை வைத்தால் மட்டும் அது சேவையா? ஒரு நாள் சுவரில் நின்றால் ஒரு நாள் தார் போச்சு, ஒரு நாள் பீடி போச்சு. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் ஜூடித் பாக்கா என்கிற பெண் ஓவியர், 1970-களில் தொடங்கி, வெள்ளக் கால்வாய்ச் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு மக்கள் வரலாற்றை வரைந்தாங்க. 400-க்கும் மேற்பட்ட இளம் பிள்ளைகள் அதில் வேலை பார்த்தாங்க. அந்தப் பிள்ளைகளை வேலைக்கு எடுத்து, ஊதியம் கொடுத்துத்தான் செய்தாங்க. கூலி கொடுத்தால் படத்தின் மதிப்புக் குறையாது.

ஆகவே தீர்மானத்தில் ஐந்து வரி சேர்க்கணும்னு கேட்டுக்கொள்கிறேன். ஒண்ணு, கட்டடத்துக்கு உரியவங்களிடமிருந்து எழுத்தில் அனுமதி. பொது இடங்களைச் சீர்குலைப்பதற்கு எதிராக 1959-லிருந்தே நம்ம மாநிலத்தில் சட்டம் இருக்கு, வாய்ப்பேச்சை நம்பிச் சுவரில் கை வைக்கக் கூடாது. இரண்டு வருஷம் கழித்து வேற அதிகாரி வந்து வெள்ளையடித்துவிடாமல் இருக்கவும் அந்தத் தாள் வேணும். இரண்டு, உறுப்பினர் சேமிப்பிலிருந்தோ சுழல் நிதியிலிருந்தோ ஒரு ரூபாய்கூட இதுக்கு எடுக்கக் கூடாது. மூணு, வரைகிற ஒவ்வொருத்திக்கும் நாள் கூலி, வங்கிக் கணக்கில். நான்கு, பாதுகாப்புப் பட்டை இல்லாமல் சாரம் இல்லை. ஐந்து, சுவரின் அடியில் நன்கொடையாளர் பெயர் எந்த அளவோ, அதே அளவு எழுத்தில் வரைந்த பெண்கள் எல்லார் பெயரும்.

இந்த ஐந்தாவது வரிக்காக யாராவது பணத்தைத் திருப்பி எடுத்துக்கிட்டால், எடுத்துக்கிடட்டும். சுவர் எங்கேயும் போகாது. நாம அடுத்த தை வரைக்கும் காத்திருப்போம்.

சாப்பாட்டுக்குப் பிறகு கை தூக்கச் சொல்வாங்க. தூக்குறதுக்கு முன்னாலே பக்கத்தில் இருக்கிறவங்களோட ஒரு வார்த்தை பேசுங்க. எனக்கு மாற்றுக் கருத்து உள்ளவங்க எழுந்து சொல்லுங்க, தீர்மானப் புத்தகத்தில் அதுவும் பதிவாகட்டும். குலுக்கலுக்குப் பெயர் தருகிறவங்க வாசலில் வைத்திருக்கும் நோட்டில் உங்க கையாலேயே எழுதிவிட்டுப் போங்க.